ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தெரபிஸ்ட் தேடுவது எப்படி?

தமிழ்நாட்டில் எந்த ஊரில் 'ஆட்டிசம்' என்று போட்டுத் தேடினாலும் முதலில் வருவது குழந்தைகள் மையங்கள்தான். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி என்று பலகை இருக்கும். போன் செய்தால் "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேட்பார்கள். "எனக்குத்தாங்க, 34" என்றால் அந்தப் பக்கம் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்து ஆட்டிசம் உள்ள பெரியவர் ஆகிறது என்பதை நம் ஊர்ச் சேவைகள் இன்னும் முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆட்டிசம் நிபுணர்' என்ற பலகையைத் தேடி அலைய வேண்டாம். முறையாகப் படித்தவராக, பெரியவர்களோடு வேலை செய்து பழகியவராக, உங்களுக்காகத் தன் வழக்கமான முறையை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பவராகப் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் நிபுணர்களைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். பல நேரம் அவர்களே மேல்.

முதலில், எதற்காகப் போகிறீர்கள்?

"தெரபி வேணும்" என்பதற்குள் நான்கு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஆட்டிசம்தானா என்று உறுதி செய்துகொள்வது, பதற்றம், மனச்சோர்வு, வேலை இடத்து உளைச்சல் போன்றவற்றுக்காகப் பேசுவது, மாத்திரை வாங்குவது, அரசுச் சான்றிதழ் பெறுவது. நான்கையும் ஒரே ஆள் செய்துவிட மாட்டார். எது உடனடித் தேவை என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றால் மனநல மருத்துவரிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ போக வேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. விரிவான பேச்சு, சிறு வயது விவரங்கள், சில மதிப்பீட்டுக் கருவிகள், அவ்வளவுதான். 'அடாஸ்-2' என்ற கருவியில் நான்காம் பகுதி சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கானது. அரசுச் சான்றிதழுக்கு இந்தியாவில் 'இசா' என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஏக்யூ (50 கேள்விகள்), ராட்ஸ்-ஆர் (80 கேள்விகள்) இரண்டும் குறிப்புதான் காட்டும், முடிவு சொல்லாது. ஆனாலும் நிரப்பி அச்செடுத்து எடுத்துப் போங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.

சிறு வயது விவரத்தைக் கட்டாயம் கேட்பார்கள். அம்மா, அக்கா, சித்தி என்று யாருக்காவது நினைவிருந்தால் நல்லது. அவர்களிடம் சொல்ல விருப்பமில்லையா? பழைய மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பு, 'யாரோடும் சேர மாட்டான்' என்ற மாதிரி ஒரு வரி, அதுவும் சான்றுதான். முன்பு 'ஆஸ்பெர்கர்' என்று தனியாகச் சொல்லப்பட்டது, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டிலிருந்து ஆட்டிசம் என்ற ஒரே தலைப்புக்குள் வந்துவிட்டது. பழைய சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

சான்றிதழ் தனிக் கதை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசு வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு வழி உண்டு. அதற்கு யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவக் குழு முன் போக வேண்டும். இவை எதுவும் தேவையில்லை என்றால் சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: தெரபி தொடங்க நோயறிதல் சீட்டு தேவையில்லை. "எனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்பது போதுமான தொடக்கம். மதிப்பீட்டுக்குப் பல மாதம் காத்திருக்க நேர்ந்தால் அதுவரை பதற்றத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

யாரிடம் என்ன படிப்பு இருக்க வேண்டும்?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் அல்ல. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த எம்ஃபில் அல்லது சைடி போன்ற படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். மதிப்பீடு, தெரபி இரண்டும் செய்வார். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சிறப்பு ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். ஆகவே 'ஆர்சிஐ எண் இருக்கு' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவில் பதிவு என்று பாருங்கள்.

கவுன்சலர், கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர்களில் உளவியலில் முதுகலை படித்த மிக நல்ல தெரபிஸ்டுகளும் உண்டு, வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்தவர்களும் உண்டு. என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார், தன் வேலையை யாராவது மூத்தவரோடு கலந்து பேசுகிறாரா என்று கேளுங்கள். லைஃப் கோச், மைண்ட் ஹீலர் வகையறாக்களை இந்தத் தேடலில் சேர்க்காதீர்கள்.

எங்கே தேடுவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, பார்ப்பதற்குக் கட்டணமில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய இடம். ஈசிஆர் பக்கம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மனநலப் பிரிவு பாகாயத்தில். கொஞ்சம் தள்ளிப் போனால் பெங்களூரில் நிமான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை. மாத்திரைக்கும் மதிப்பீட்டுக்கும் இவை நல்ல கதவுகள். ஆனால் காலை ஓபி என்பது கூட்டம், மைக்கில் பெயர் கூப்பிடும் சத்தம், டியூப் லைட், மருந்து வாடை எல்லாம் சேர்ந்தது, மருத்துவரிடம் கிடைப்பதோ சில நிமிடம். காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வாராவாரம் உட்கார்ந்து பேச என்றால் தனியார் தெரபிஸ்டுதான் பெரும்பாலும் சாத்தியம். அதில் ஆன்லைன் வந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. திருநெல்வேலியில் இருந்துகொண்டு சென்னையிலோ கோவையிலோ இருப்பவரிடம் பேசலாம். பஸ் இல்லை, காத்திருப்பு அறை இல்லை. வேண்டுமானால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம், சிலர் சாட் மூலமாகவும் பேசுவார்கள். நம் வீடுகளில் உள்ள சிக்கல் வேறு. ஹாலில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருக்க, உள் அறையில் என்ன பேச முடியும்? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், நண்பர் வீடு என்று ஓர் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பெயர்களைக் கேட்டு வாங்க நல்ல ஆட்கள் யார் என்றால், ஏற்கெனவே தெரபிக்குப் போகும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள். அடுத்தது, பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு "அட, இது நானேதான்" என்று கண்டுகொண்ட அப்பா அம்மாக்கள். நினைப்பதைவிட நிறையப் பேர் இருக்கிறார்கள். குழந்தைகள் மையத்தில்கூட, "நீங்க பார்க்க மாட்டீங்கன்னு தெரியும், பெரியவங்களைப் பார்க்கிற யாரையாவது தெரியுமா?" என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும்.

முதல் செய்தி

போனில் பேசுவது நம்மில் பலருக்குக் கொடுமை. எழுதி அனுப்புங்கள். மூன்று நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம், அதில் தவறே இல்லை. இதை அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். எனக்கு வயது 34. ஆட்டிசம் இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது (அல்லது: இருக்கலாம் என்று நினைக்கிறேன்). வேலை இடத்தில் தொடர்ந்து வரும் பதற்றத்துக்கும் தூக்கம் கெடுவதற்கும் தெரபி தேடுகிறேன். ஆட்டிசத்தை மாற்றுவது என் நோக்கமில்லை. தமிழில் பேசுவது வசதி. போனைவிட எழுத்து எளிது. மூன்று கேள்விகள். ஒன்று: ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? இரண்டு: இல்லையென்றால், அதைப் பற்றிப் படித்து உங்கள் முறையை மாற்றிக்கொள்ள முடியுமா? மூன்று: கட்டணம் எவ்வளவு, ஒரு செஷன் எத்தனை நிமிடம், வர முடியாமல் போனால் என்ன விதி?"

'ஆட்டிசத்தை மாற்றுவது என் நோக்கமில்லை' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். பதில் எழுதுபவரின் பார்வை அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

"ரெண்டு மூணு பேரைத்தான் பார்த்திருக்கேன். எது உங்களுக்கு உதவும்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி செய்யலாம்" என்று பதில் வந்தால் முதல் செஷனுக்குப் போகலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் உங்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வார். "எல்லாருக்குமே கொஞ்சம் ஆட்டிசம் உண்டுங்க" என்பவரிடம் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள். "இவ்வளவு நல்லா எழுதுறீங்க, உங்களுக்கு எப்படி ஆட்டிசம்?" என்பதும் அந்த ரகம்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று எங்காவது யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

குணப்படுத்துகிறேன் என்பவர்கள் இன்னொரு வகை. பத்தே செஷன், விசேஷ உணவு, உலோகத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் மருந்து, லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் ஊசி. ஸ்டெம் செல் விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள் தெளிவானவை. ரத்தம் சார்ந்த சில நோய்கள் போன்று ஏற்கப்பட்டவை தவிர, மற்றவற்றுக்கு முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. ஆட்டிசம் அந்த ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை.

முதல் நாள்

வரவேற்பில் "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். வயது வந்தவர் தனியாக வரலாம். அம்மாவோ கணவரோ கூட வந்தாலும், அவர் அறைக்குள் வருவதா, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் வருவதா என்று முடிவு செய்வது நீங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழலில் மட்டுமே விலக்கு. இருந்தாலும் வாயால் கேட்டுவிடுங்கள்: "எங்க வீட்லேர்ந்து போன் பண்ணினா என்ன சொல்வீங்க?" இதற்கு நேரான பதில் வர வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு தயார் செய்யுங்கள். உங்களை வதைக்கும் சத்தம், வெளிச்சம், வாசனை என்னென்ன, அளவு மீறினால் வெளியே எப்படித் தெரியும் (அழுகையா, கோபமா, பேச்சு நின்றுபோவதா), அப்போது மற்றவர் என்ன செய்தால் உதவும், இதுவரை வந்த நோயறிதல்கள், சாப்பிடும் மருந்துகள். பழைய சீட்டுகளில் சமூகப் பதற்றம், ஓசிடி, ஆளுமைக் கோளாறு என்று என்னவெல்லாமோ இருக்கலாம். குறிப்பாகப் பெண்களுக்கு ஆட்டிசம் என்ற பெயர் வந்து சேர்வதற்கு முன் இப்படி நாலைந்து பெயர்கள் வந்து போயிருக்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள். போனதும் தாளைக் கொடுத்து, "இதைப் படிச்சிட்டுப் பேசலாமா?" என்றால் போதும்.

ஃபேன் சத்தம், ஏர் ஃபிரெஷ்னர், எதிரே கண்ணைக் கூசும் ஜன்னல் என்று எது தொந்தரவோ உடனே சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசத் தேவையில்லை. கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசலாம்.

எதையெல்லாம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்?

மருத்துவச் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக 2012-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சிபிடி எனப்படும் சிந்தனை–நடத்தை சிகிச்சையை எப்படி மாற்றித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒழுங்கான கட்டமைப்பும் எழுத்து, படம் வழியான விளக்கமும் கூடுதலாக வேண்டும். எண்ணங்களை மாற்றுவதைவிட நடத்தையில் என்ன மாற்றலாம் என்பதில் கவனம் வைக்க வேண்டும். விதிகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உருவகமும் 'ஒருவேளை இப்படி நடந்தால்' வகைக் கற்பனைச் சூழலும் குறைய வேண்டும். நடுவில் இடைவேளை வேண்டும். உங்களுக்குப் பிடித்த விஷயத்தையும் பேச்சுக்குள் கொண்டுவரலாம். ரயில் அட்டவணையோ பழைய நாணயங்களோ, அதன் வழியே பேசுவது தப்பித்தல் ஆகாது. இந்தப் பட்டியலைத் தெரபிஸ்டிடம் காட்டினால் நல்லவர் குறித்துக்கொள்வார்.

இதற்கு மேல், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சில இடங்கள் உண்டு.

"இப்ப எப்படி உணர்றீங்க?" என்றால் பலருக்குப் பதில் வராது. மறைப்பதால் அல்ல. தன் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேருக்குக் கடினம், அலெக்சிதைமியா என்பார்கள். வயிறு எப்படி இருக்கிறது, தோள் இறுக்கமா, ஓடிவிடத் தோன்றுகிறதா, உட்காரத் தோன்றுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை அடுத்த வாரம் எழுதி அனுப்பவும் அனுமதி கேளுங்கள்.

அடுத்தது, பதற்றம் எல்லாமே தவறான எண்ணத்தால் வருவதில்லை. "ஆபீஸ்ல என்னை விநோதமாப் பார்க்கிறாங்க" என்றால் அது கற்பனை என்று காட்டப் பார்ப்பது வழக்கமான சிபிடி. நம் விஷயத்தில் அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அதே போல, நாய் பயத்துக்குச் செய்வது போல மிக்ஸி சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொன்னால் வேலைக்கு ஆகாது. அது பயமல்ல, புலன் உறுத்தல். காது மூடியும் வேறு அறையும்தான் அதற்கு மருந்து. பல மாதம் இயல்பாக இருப்பது போல நடித்து ஓய்ந்துபோனவரிடம் மனச்சோர்வு என்று நினைத்து "வெளியே போங்க, நாலு பேரைப் பாருங்க" என்றால் இன்னும் சரிந்துவிடுவார். அவருக்கு முதலில் வேண்டியது ஆளில்லாத ஓய்வு. தெரபிஸ்டுக்கு இந்த வேறுபாடுகள் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சொன்னால் ஏற்கத் தெரிய வேண்டும்.

கடைசியாக நம்முடைய பக்கம். டாக்டரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதோடு வாழ்நாளெல்லாம் முகமூடி போட்டுப் பழகியவர்கள். இரண்டும் சேர்ந்தால் தெரபி அறையிலும் சிரித்துத் தலையாட்டி "சரிங்க மேடம்" என்று வந்துவிடுவோம். அவர் எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதிக்கொள்வார். இதற்கு ஒரே வழி, முதல் நாளே சொல்லிவிடுவது: "நான் சரின்னு சொன்னா அது சரின்னு அர்த்தமில்லை. மறுநாள் எழுதி அனுப்புறதுதான் என் உண்மையான பதில்."

மாத்திரை, பணம், நெருக்கடி

ஆட்டிசத்துக்கென்று மாத்திரை இல்லை. கூடவே வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, ஏடிஎச்டி எனும் கவனக் குறைபாடு இவற்றுக்கு உண்டு. சிலருக்குச் சிறிய அளவே பலமாக வேலை செய்யும் என்பதால், குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டில் மனநலத்தையும் உடல்நலம் போலவே சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் பணம் வரும், வாராந்திர செஷனுக்கு வராது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறைக்கும் தெரபிஸ்டுகள் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். வாரம் ஒன்று முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்தத் தேடல் எதுவும் முடியும்வரை காத்திருக்காதீர்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். போனில் வார்த்தை வராது என்றால் இரண்டு வரி இப்போதே எழுதி வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்: "எனக்கு ஆட்டிசம் இருக்கு. சாகத் தோணுது. மெதுவா, ஒவ்வொரு கேள்வியாக் கேளுங்க." அதுவும் முடியாவிட்டால் நம்பும் ஒருவருக்குச் செய்தி அனுப்பி, அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால்

நாலைந்து செஷன் போன பிறகு பாருங்கள். மனம் லேசாகிவிட்டதா என்பது அளவுகோல் அல்ல, அதற்கு நாளாகும். கேட்ட மாற்றங்களில் ஏதாவது செய்தாரா? எதற்காகச் சந்திக்கிறீர்கள் என்று இருவருக்கும் தெளிவாக இருக்கிறதா? செஷன் முடிந்து வந்து இரண்டு நாள் படுத்தே கிடக்கிறீர்களா? முதல் இரண்டுக்கும் இல்லை, மூன்றாவதுக்கு ஆமாம் என்றால், ஒரு முறை எழுத்தில் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் விலகலாம். காரணம் விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "இதுவரை உதவியதற்கு நன்றி. இனி செஷன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் கோப்பிலிருந்து ஒரு சுருக்கம் தர முடியுமா?" என்று அனுப்பினால் போதும்.

அந்தச் சுருக்கத்தை விட்டுவிடாதீர்கள். மனநலச் சிகிச்சை பெறுபவர் தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. என்ன மதிப்பீடு செய்தார்கள், மதிப்பெண் என்ன, எந்த மருந்து எந்த அளவில் எவ்வளவு நாள், எதில் வேலை செய்தீர்கள், எது உதவவில்லை. ஒரு பக்கம் இருந்தால் போதும். அடுத்தவருக்கு எழுதும் முதல் செய்தியோடு அதையும் இணைத்து அனுப்புங்கள். சிறு வயதுக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.